மிரியம் மக்கேபாவை எங்கட பிள்ளையளுக்கு ஏன் சொல்லவேணும்

மிரியம் மக்கேபா எண்ட தென்னாபிரிக்கப் பாட்டுக்காரியின்ர பேர் எங்கட பக்கத்துப் பிள்ளையள் கன பேருக்குத் தெரியாது. நெல்சன் மண்டேலாவைத் தெரியும், பொது அறிவுப் போட்டியில வாற ஆள். ஆனா மண்டேலா 27 வருசம் சிறையில இருக்கேக்க, வெளிநாட்டில மேடை மேடையா நிண்டு, எங்கட நாட்டில சனம் இப்பிடித்தான் சீவிக்குது எண்டு பாடிப் பாடிச் சொன்ன ஒரு மனுசி இருந்தவ. ஆபிரிக்காவின்ர அம்மா எண்டு உலகம் கூப்பிட்ட மனுசி. விசுவமடுவில பின்னேரம் வாசிகசாலைக்கு வாற பிள்ளையளுக்கு நான் அப்பப்ப ஆற்றயும் கதை ஒண்டு சொல்லுறனான், ஓ.எல், ஏ.எல் படிக்கிற வயசு, அதில பொம்பிளைப் பிள்ளையள்தான் கூட. மக்கேபாவின்ர கதையைச் சொன்ன அண்டைக்கு இருட்டினாப் பிறகும் ஒருத்தரும் எழும்பிப் போகேல்ல, அதால அதை இஞ்ச எழுதி வைக்கிறன், வேற ஊர்ப் பிள்ளையளும் வாசிக்கட்டும்.

பிள்ளையளுக்கு எழுதுற புத்தகங்களில இப்பிடியான ஆக்களைப் பற்றி வழக்கமா ஒரு மாதிரித்தான் எழுதுவினம். முதல்ல பாட்டுக்காரியா இருந்தா, பேர் வந்தது, பிறகு கண் திறந்தது, செயற்பாட்டாளரா மாறினா, அவ்வளவுதான். எனக்கு அது சரியாப் படேல்ல. மக்கேபா ஒண்டில இருந்து இன்னொண்டுக்கு மாறினவ இல்லை. அவ முதல் நாளில இருந்து தன்ர வீட்டுக் கதையைத்தான் பாடினவ, தாயை, கலியாண வீட்டை, பொலிஸ் வாற இரவை, இடிச்ச வீட்டை. அந்த வீட்டுக் கதை தங்களுக்கு ஆபத்து எண்டு, கறுப்புச் சனத்தை ஒதுக்கி வைச்சு ஆண்ட அங்கத்தை வெள்ளையர் அரசாங்கத்துக்குத்தான் முதல்ல விளங்கினது.

1960ல அவவுக்கு 28 வயசு. அமெரிக்காவுக்குப் போய்க் கொஞ்ச நாள்தான், நியூயோர்க்கில பாடத் தொடங்கி, பேப்பர்க்காரர் நல்லா எழுதி, இனி வாழ்க்கை சரி எண்டு இருக்கிற நேரம், ஊரில தாய் செத்துப்போனா எண்டு சேதி வருது. செத்த வீட்டுக்குப் போகவேணும், வேற ஒண்டுமில்லை. அப்பதான் தெரியவருது, அவவின்ர பாஸ்போட்டை தென்னாபிரிக்க அரசாங்கம் செல்லாது எண்டு ஆக்கிப்போட்டுது. அந்த நேரம் அவ ஐ.நா.வில கதைக்கவுமில்லை, ஒரு கட்சியிலயும் பெரிய ஆளுமில்லை, பாட்டுக்காரி மட்டும்தான். தாயின்ர முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்க விடேல்ல. திரும்பித் தன்ர மண்ணில கால் வைக்க 1990 ஆகிட்டுது.

இதைச் சொல்லேக்க பிள்ளையள் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். ஏன் எண்டு வன்னியில இருக்கிற ஆருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட ஊர்ச் செத்த வீடுகளில பெட்டிக்குப் பக்கத்தில ஆரோ ஒருத்தர் போனைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம், அந்தப் பக்கம் சுவிசிலயோ கனடாவிலயோ மூத்த மகன் அழுதுகொண்டிருப்பான், வீடியோ கோல் அறுந்து அறுந்து வரும், கொள்ளி வைக்கிறது பேரப்பிள்ளை. அகதியாப் போன கன பேருக்குக் குடுக்கிற பயணப் புத்தகத்தில எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர எண்டு இருக்கும். ஒரு பிள்ளை சொன்னா, "அக்கா, எங்கட பெரியப்பாவும் அம்மம்மாவின்ர செத்த வீட்டுக்கு வரேல்ல, வர ஏலாது எண்டவை" எண்டு. மக்கேபாவின்ர நேரம் வீடியோ கோலும் இல்லை.

இப்ப தொடக்கத்துக்குப் போவம். 1932 மார்ச் 4, ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பக்கத்தில பிறந்தவ. தாய் வெள்ளைக்காரர் வீடுகளில வேலை செய்யிறவ, ஊர் வைத்தியமும் பாக்கிறவ. தகப்பன் படிச்ச மனுசன், ஆனா மக்கேபாவுக்கு ஆறு வயசு அளவில செத்துப்போனார். பிள்ளை பிறந்து 18 நாளில தாயைப் பொலிஸ் பிடிச்சிட்டுது. குற்றம் என்னெண்டா, சோளமாவும் முளைதானியமும் போட்டுக் காய்ச்சிற ஒரு பியரை வீட்டில காய்ச்சி வித்தது. கறுப்புச் சனம் அதைக் காய்ச்சி விக்கக் கூடாது எண்டு அப்ப சட்டம். சின்னக் குற்றப்பணம்தான், கட்டினா விட்டிருப்பாங்கள், கட்டக் காசில்ல. கைக்குழந்தையோட ஆறு மாசம் சிறை. மக்கேபாவின்ர வாழ்க்கையின்ர முதல் ஆறு மாசம் சிறைக்குள்ளதான் போனது, அவவுக்கு அதில ஒண்டும் ஞாபகம் இருக்காது, ஆனா தாய் சொல்லிச் சொல்லித்தானே பிள்ளை வளரும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் பிடிச்சு வையுங்கோ. பிறகு வளந்து பேர் பெற்ற நேரம் அவ பாடின பாட்டுகளில ஒண்டு "கவுலேசா" எண்டு. டொரதி மசூக்கா எண்ட இன்னொரு பெரிய பாட்டுக்காரியின்ர பாட்டு அது. கறுப்பாக்கள் இருக்கிற குடியிருப்புகளுக்குள்ள பொலிஸ் இறங்குது, வீடு வீடாப் பூந்து தேடப்போகுது, றோட்டில விளையாடிக்கொண்டு நிண்ட பிள்ளையள் அதைக் கண்டிட்டு, கெதியா அம்மா, உன்னைப் பிடிச்சுப்போடுவாங்கள் எண்டு கத்துதுகள். அதுதான் பாட்டு. 1966ல சுவீடன் ரி.வி.யில அவ இதைப் பாடின வீடியோ யூரியூப்பில கிடக்கு, பாட முதல் அவவே இது என்ன பாட்டு எண்டு ஆறுதலாச் சொல்லுறா. நான் அதை முதல்தரம் பாக்கேக்க எனக்குச் சுற்றிவளைப்புத்தான் கண்ணுக்கு முன்னால வந்தது, றவுண்டப் எண்டு அம்மா ஆக்கள் சொல்லுறவை, ஆரோ ஓடிவந்து ஒழுங்கையில கத்துறதும் உள்ளுக்க ஆக்கள் ஓடித்திரியிறதும். இதில எங்க அரசியல்? தாயைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு பயந்த பிள்ளையின்ர சத்தம் அது. தான் பாடுறது அரசியல் இல்லை, உண்மை எண்டு மக்கேபா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவ.

அங்க பாஸ் எண்டு ஒண்டு இருந்தது. கறுப்பு மனிசர் தன்ர நாட்டுக்குள்ள நகரத்துக்குப் போய் வர, நிண்டு வேலை செய்ய, கையில ஒரு புத்தகம் வைச்சிருக்கவேணும், கேட்ட இடத்தில காட்டவேணும், இல்லாட்டிப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். எங்கட அம்மா அப்பாமாருக்கு பாஸ் எண்டா என்ன எண்டு வகுப்பெடுக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில வன்னியை விட்டு வெளிக்கிட ஒரு பாஸ், வவுனியாவில தங்க ஒரு பாஸ், அது முடிய முதல் திரும்பப் போய் வரிசையில நிக்கிறது. பிள்ளையளுக்குத்தான் தெரியாது, வீட்டில கேளுங்கோ எண்டு விட்டிட்டன்.

சின்னனில பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில பாடினவ. 1947ல இங்கிலாந்து ராசா ஆறாம் ஜோர்ஜ் தென்னாபிரிக்கா வந்த நேரம், அவருக்குப் பாட எண்டு பிள்ளையளைக் கொண்டுபோய் றோட்டுக் கரையில நிப்பாட்டினவை. மழைக்க நிண்டுதுகள், ராசாவின்ர கார் நிக்காமப் போயிட்டுது. இதைச் சொன்னவுடன பிள்ளையள் சிரிச்சதுகள், ஏனெண்டா அமைச்சர் வாறார் எண்டு வெயிலுக்க மாலையோட நிண்ட கதை அதுகளுக்கும் இருக்கு.

இனி நான் பொம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டு கொஞ்சம் கூடச் சொல்லுற பகுதி. மக்கேபா 17 வயசில கலியாணம் கட்டினவ. மாப்பிளை பொலிசுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு இருந்த ஆள். 1950ல பொங்கி எண்டு ஒரு மகள் பிறக்குது. புருசன் அடிக்கிறது, நல்லா அடிக்கிறது. அந்த வயசிலயே மார்பில புற்றுநோய் எண்டு வேற வந்தது, அதில இருந்து தப்பினவ. புருசன் விட்டிட்டுப் போயிட்டான். இந்த இடத்தில எங்கட ஊர் எண்டா என்ன கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். "இனி உனக்கென்ன பாட்டு, பிள்ளையைப் பார்" எண்டுதான் கதைக்கும். அவவின்ர தாய் அப்பிடிச் சொல்லேல்ல. பேத்தியைத் தான் பாத்துக்கொண்டு மகளைப் பாட விட்டவ. பியர் காய்ச்சினதுக்குச் சிறைக்குப் போன அதே தாய். மக்கேபாவைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் அவவோட மேடையில நிண்ட பெரிய பெரிய ஆம்பிளையளின்ர பேரைத்தான் சொல்லுவினம், எனக்கெண்டா அந்தத் தாய் இல்லாட்டி இந்தக் கதையே இல்லை எண்டுதான் படுது.

1950களில மன்ஹட்டன் பிரதர்ஸ் எண்ட ஆம்பிளையள் குழுவில பாடி, பிறகு ஸ்கைலார்க்ஸ் எண்டு பொம்பிளையள் மட்டும் சேந்த குழுவில பாடி நாடு முழுக்கப் பேர். அந்த நேரம் ஜொகன்னஸ்பேர்க்கில சோபியாடவுன் எண்ட இடம்தான் பாட்டுக்காரர், எழுத்தாளர், சண்டியர், எல்லாரும் கலந்து திரிஞ்ச இடம். 1955 பெப்ரவரியில துவக்கோட 2000 பொலிஸ் வந்து சனத்தை லொறியளில ஏத்தினது, வீடுகளை இடிச்சது, இடிச்ச இடத்தில வெள்ளையருக்கு வீடு கட்டி, அதுக்கு வெற்றி எண்டு அர்த்தம் வாறமாதிரி ஒரு பேரும் வைச்சது. ஒரு ஊரை எழுப்பிப்போட்டு அதில பேர்ப்பலகை மாத்திறது எண்டா என்ன எண்டு எங்களுக்கு நேர தெரியும், நான் அதில நிண்டு கனக்கக் கதைக்கேல்ல. அந்த ஊர் போயிட்டுது எண்டு மக்கேபா பாட்டில பாடினவ.

அவ வெளியில போனதே ஒரு படத்தால. லயனல் ரொகோசின் எண்ட அமெரிக்கர், பாட்டும் ஊர்ப் புதினமும் உள்ள படம் எடுக்கப்போறன் எண்டு அதிகாரியளுக்குச் சொல்லிப்போட்டு, உண்மையில கறுப்புச் சனம் எப்பிடிச் சீவிக்குது எண்டு களவாப் படம் பிடிச்சார். அதில மக்கேபா ஒரு குடிக்கிற கடைக்குள்ள வந்து ரெண்டு பாட்டுப் பாடுவா, மொத்தம் ஒரு நாலு நிமிசம். அந்த நாலு நிமிசம் அவவை 1959ல வெனிஸ் திரைப்பட விழாவுக்குக் கொண்டுபோனது, அதில இருந்து லண்டன், அங்க ஹரி பெலஃபொன்ட் எண்ட பேர்பெற்ற அமெரிக்கக் கறுப்புப் பாட்டுக்காரரைச் சந்திச்சது, அவர் கைகுடுத்து அமெரிக்காவுக்கு எடுத்தது.

அங்க போயும் அவ தலைமயிரை நேராக்க மாட்டன் எண்டு நிண்டவ. அப்ப அமெரிக்காவில மேடை ஏறுற கறுப்புப் பொம்பிளையள் கன பேர் தலைமயிரை நேராக்கிறவை, இவ தன்ர சுருட்டை மயிரைக் கட்டையா வெட்டி அப்பிடியே போய் நிண்டா. சோசா மொழியில நாக்கைச் சொடுக்கிக் கதைக்கிற எழுத்துகள் இருக்கு. வண்டு ஒண்டைப் பற்றின கலியாண வீட்டுப் பாட்டு ஒண்டை அவ அந்தச் சொடுக்கோட பாடினா, வெள்ளைக்காரர் அந்தச் சத்தத்தைப் புதினமாப் பாத்தினம். இது சத்தமில்ல, என்ர மொழி எண்டு அவ ஒவ்வொரு மேடையிலயும் ஆறுதலாத் திருத்தினவ. 1962ல அமெரிக்க சனாதிபதி கெனடியின்ர பிறந்தநாள் விழாவில, நியூயோர்க்கில பெரிய அரங்கில, இதே பொம்பிளை இதே கோலத்தில போய்ப் பாடினா.

1960 மார்ச் 21, ஷார்ப்வில். பாஸ் சட்டத்துக்கு எதிரா நிண்ட சனத்துக்குப் பொலிஸ் சுட்டு 69 பேர் செத்தினம். மக்கேபாவின்ர சொந்தக்காரரும் அதில செத்தினம். அதே வருசம்தான் தாயின்ர சாவும். ஒரு வருசத்துக்குள்ள இவ்வளவும், அதுவும் தூரத்தில இருந்து கேக்கிறது. 1963ல ஐ.நா.வின்ர இனவொதுக்கலுக்கு எதிரான விசேட குழுவுக்கு முன்னால போய் இருந்து கதைச்சா. தென்னாபிரிக்காவை ஒதுக்குங்கோ, ஆயுதம் குடுக்காதேங்கோ, அதால பொம்பிளையளையும் பிள்ளையளையும்தான் சுடுவாங்கள் எண்டு கேட்டவ. எங்கட இடத்தில நீங்கள் இருந்தா வாய் மூடிக்கொண்டு சும்மா இருப்பியளோ எண்டும் கேட்டவ. அதோட அவவின்ர இசைத்தட்டுகளுக்கு நாட்டில தடை, குடியுரிமையும் பறிபோச்சு. பிறகு கன நாடுகள் தங்கட பாஸ்போட் குடுத்தது, வேணுமெண்ட பாஸ்போட்டைத் தவிர மற்றதெல்லாம் கையில இருந்தது.

அதுக்குப் பிறகும் பாட்டை விடேல்ல. வுயிசிலே மினி எண்ட தொழிற்சங்கக்காரர், பிரதமர் வெர்வூட்டின்ர பேரைச் சொல்லி, கவனம், கறுப்பு மனிசன் வாறான் எண்டு ஒரு பாட்டுக் கட்டினவர். 1964 நவம்பரில அவரைத் தூக்கில போட்டிட்டாங்கள். அடுத்த வருசம் பெலஃபொன்டும் மக்கேபாவும் சேந்து வெளியிட்ட இசைத்தட்டில அந்தப் பாட்டு இருக்கு. 1966ல அந்தத் தட்டுக்கு கிராமி விருது கிடைச்சது, ஆபிரிக்காவில இருந்து அந்த விருதை எடுத்த முதல் ஆக்களில அவ இருக்கிறா. தூக்கில போன மனுசன்ர குரலை அமெரிக்க வீடுகளின்ர வரவேற்பறைக்குள்ள கொண்டுபோய் விட்டவ. எனக்கு இந்தக் கதை முழுக்க இதுதான் ஆகப் பெரிய விசயமாத் தெரியுது.

பிறகு 1968ல ஸ்ரோக்லி கார்மைக்கேலைக் கட்டினா, அமெரிக்கக் கறுப்பர் போராட்டத்தில முன்னுக்கு நிண்ட இளம் தலைவர். கட்டினவுடன நிகழ்ச்சியள் ஒவ்வொண்டா நிண்டுது, கொம்பனியள் விலகிச்சுது, பாட்டுக் கேட்ட வெள்ளைச் சனமும் விலகிச்சுது. தென்னாபிரிக்கா ஒருக்கா, அமெரிக்கா ஒருக்கா எண்டு ரெண்டாந்தரமும் இடம்பெயர்வு. மேற்கு ஆபிரிக்காவில கினி நாட்டுக்குப் போய் 15 வருசமளவில இருந்தவ, அந்த நாட்டின்ர பிரதிநிதியா 1975லயும் 1976லயும் ஐ.நா. பொதுச்சபையில பேசினவ.

கினியைப் பற்றிப் பிள்ளையளுக்கு மறைச்சுச் சொல்லக் கூடாது எண்டு நான் முதலே முடிவெடுத்தனான். அடைக்கலம் குடுத்த சனாதிபதி செக்கு தூரே தன்ர நாட்டுச் சனத்துக்கு நல்லவராயிருக்கேல்ல. போய்ரோ எண்ட முகாமில கன பேரை அடைச்சுவைச்சுச் சாகவிட்டவர். 1963ல மக்கேபா ஐ.நா. குழுவுக்கு முன்னால கதைக்கேக்க அந்தக் குழுவுக்குத் தலைவரா இருந்தவர் டியாலோ டெல்லி எண்ட கினி நாட்டுக்காரர். அதே டெல்லியை 1976ல தூரே பிடிச்சு அடைச்சு, 1977ல சாப்பாடு தண்ணியில்லாம அந்த முகாமுக்குள்ளயே சாகவிட்டது. மக்கேபா அந்த நேரம் அந்த நாட்டில, தூரேயோட நல்ல உறவில இருந்தவ. ஏ.எல் பிள்ளை ஒண்டு கேட்டா, "அப்ப ஏன் அக்கா அவ அவருக்காகக் கதைக்கேல்ல?" எண்டு. வேற போக்கிடம் இல்லை, இருக்க இடம் குடுத்த கைக்கு எதிராக் கதைக்கிறது லேசில்ல எண்டு ஒரு பெடியன் சொன்னான். அதுக்கு அவள், "தன்ர வீட்டுக்காரர் எண்டா மட்டுமோ கதைக்கிறது" எண்டாள். கன நேரம் வாக்குவாதப்பட்டினம், நான் மறிக்கேல்ல. பெரிய ஆக்களைக் கும்பிடப் பழக்கிறதைவிட இப்பிடிக் கேள்வி கேக்கப் பழக்கிறதுதான் பிள்ளையளுக்குச் செய்யிற மரியாதை எண்டு நான் நம்புறன். எனக்கும் மக்கேபாவில விருப்பம் குறையேல்ல, ஆனா டெல்லியின்ர பேரை விட்டிட்டு அவவின்ர கதையைச் சொல்ல இனி எனக்கு ஏலாது.

1985ல மகள் பொங்கி பிள்ளைப்பேற்றில வந்த சிக்கலால செத்துப்போனா. தாயின்ர செத்த வீட்டுக்குப் போகக் கிடைக்காத மனுசி, மகளைப் பிற நாட்டு மண்ணில தாட்டா. பேரப்பிள்ளையளோட பெல்ஜியத்துக்குப் போனா.

1990 பெப்ரவரியில மண்டேலா வெளியில வந்தார், வா எண்டு கூப்பிட்டார். யூன் 10ந் திகதி, பிரெஞ்சுப் பாஸ்போட்டில, 31 வருசத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தா. வந்து பேரும் புகழும் எண்டு இருக்காம, அநாதரவான பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஒரு நிலையம் தொடங்கி நடத்தினவ.

கடைசி மேடை இத்தாலியில. நேப்பிள்ஸ் பக்கம் கஸ்டெல் வொல்டூர்னோ எண்ட ஊரில 2008 செப்டெம்பரில கமோரா எண்ட குற்றக் கும்பல் ஆபிரிக்காவில இருந்து வந்த ஆறு கூலித் தொழிலாளரைச் சுட்டுச் சாகடிச்சது. அந்தக் கும்பலைப் பற்றி எழுதினதால உயிராபத்தில இருந்த எழுத்தாளர் ரொபேர்ட்டோ சவியானோவுக்கு ஆதரவா அதே ஊரில நவம்பர் 9 ஒரு நிகழ்ச்சி வைச்சவை. 76 வயசு, உடம்பு ஏலாது, அதோடயும் போனா. பாடி முடிச்சு விழுந்தவ, அண்டிரவே முடிஞ்சுது.

2008 நவம்பர் எண்டா வன்னியில நாங்கள் எங்க இருந்தனாங்கள் எண்டு நினைச்சுப் பாருங்கோ. கிளிநொச்சிச் சனம் முழுக்க தருமபுரம், விசுவமடு எண்டு தறப்பாளுக்குக் கீழ, ஐ.நா.வும் மற்ற நிறுவனங்களும் செப்டெம்பரிலயே வெளிக்கிட்டுப் போயிட்டினம், மாசக் கடைசியில நிஷா புயலால வெள்ளமும் வந்தது. எங்களுக்கு அவவின்ர சாவு தெரியாது. அவவுக்கு எங்களைத் தெரிஞ்சிருக்கவும் நியாயமில்லை. பிள்ளையளுக்கு இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுச் சொன்னன், அப்பதான் அது பழங்காலத்துக் கதை இல்லை, தங்கட அம்மா தங்களை இடுப்பில தூக்கிக்கொண்டு ஓடின நேரத்துக் கதை எண்டு அதுகளுக்குப் பிடிபட்டது.

டேற்றா குறைவெண்டா ஒரே ஒரு வீடியோ காணும், சுவீடனில பாடின அந்தக் "கவுலேசா". "பட்டா பட்டா"வைப் பிறகு கேக்கலாம், துள்ளி ஆடுற நல்ல பாட்டுத்தான், ஆனா தன்ர பாட்டுகளிலயே பெரிசா ஒண்டுமில்லாத பாட்டால உலகம் தன்னை ஞாபகம் வைச்சிருக்கு எண்டு அவவுக்கே மனவருத்தம் இருந்தது. "கவுலேசா"வை அம்மாவையும் அம்மம்மாவையும் பக்கத்தில இருத்திப் பாருங்கோ, இங்கிலீசில அவ சொல்லுற விளக்கத்தை நீங்கள் தமிழில சொல்லிக் குடுங்கோ, பிறகு போனை நிப்பாட்டிப்போட்டு அவையைக் கதைக்க விடுங்கோ.